ஆம்ஸ்ஹவுஸ்: அறமனையா, அறக்குடியிருப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏழை முதியோர் குடியிருக்கத் தர்மமாகக் கட்டிக்கொடுக்கும் வீடுகளை ஆங்கிலத்தில் ஆம்ஸ்ஹவுஸ் என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். மூன்று நாளாக இந்த இழையில் சொற்கள் வந்து குவிந்துவிட்டன. கேள்வியைக் கிளப்பியவன் என்ற முறையில் நானே சலித்துப் பார்க்கிறேன்.

> சத்திரம் என்றே போட்டுவிடலாமே. பழகிய சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சத்திரத்துக்கு வருபவர் வழிப்போக்கர், ஓரிரு இரவு தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆம்ஸ்ஹவுஸுக்கு வருபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், வயதானவர். கடைசிவரை அதுதான் அவர் வீடு. நான் மொழிபெயர்க்கும் கட்டுரை இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையரில் உள்ள சிப்பிங் காம்ப்டன் பற்றியது. அங்கே 1612இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்பவர் ஆறு ஆண்கள், ஆறு பெண்கள் எனப் பன்னிரண்டு ஏழை முதியோருக்காக ஒரே வரிசையில் வீடுகள் கட்டிக்கொடுத்தார். லண்டனில் பட்டு விற்றுப் பெரும்பணம் சேர்த்தவர், முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கே கடன் கொடுத்தவர். தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய அந்த வீடுகளில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். இதைப் போய்ச் சத்திரம் என்றால் நம் வாசகர் மனத்தில் திண்ணையும் சோற்று அண்டாவும்தான் வந்து நிற்கும்.

'முதியோர் இல்லம்' சொன்னவர்களுக்கும் இதே பதில்தான். இல்லம் என்றால் பொதுச் சமையல், மணியடித்தால் சாப்பாடு, ஒரு மேற்பார்வையாளர். இங்கே அவரவர் அடுப்பு அவரவருக்கு. 'ஏழையர் விடுதி' வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் 1834 ஏழையர் சட்டத்துக்குப் பிறகு பெருகிய வொர்க்ஹவுஸுக்கு அதை எடுத்துவைப்போம். கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்து வேலை வாங்கிய இடம் அது. அதன் பெயரைக் கேட்டாலே ஏழைகள் நடுங்கினார்கள்.

முதல் பாதி 'அறம்' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆம்ஸ் என்பதன் வேர், இரக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பிலும் அது 'தர்மம்' என்றே வருகிறது. தகராறு பின்பாதியில்தான். 'அறச்சாலை' கேட்க அழகு, ஆனால் இன்று சாலை என்றால் தார் ரோடு. மணிமேகலை சிறைக்கோட்டத்தை மாற்றி உண்டாக்கிய 'அறக்கோட்டம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். என்ன செய்ய, கோட்டம் என்றதும் மின்வாரிய அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் முதலில் முன்வைத்தது 'அறமனை'. வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "யார் அரமனை?" என்று கேட்டார்கள். அத்தோடு அதைக் கைவிட்டேன். ஏழைக்குக் கட்டிய வீடு அரண்மனையாகக் காதில் விழுந்தால் கட்டுரையே கவிழ்ந்துவிடும்.

> அறவீடு எண்டால் எங்கட பக்கத்தில வரி, கட்டணம் அறவிடுறது. தானமாய்க் குடுத்த வீட்டுக்கு அந்தப் பெயரோ?

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல் கட்டும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. அறவீட்டையும் விட்டாயிற்று.

மிஞ்சுவது 'அறக்குடியிருப்பு'. கொஞ்சம் நீளம்தான். ஆனால் காவலர் குடியிருப்பு, ஊழியர் குடியிருப்பு என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். ஒரே மாதிரி வீடுகள், வரிசையாக, ஒரு வகையினருக்கென்று ஒதுக்கியவை என்ற படம் தானாக வந்துவிடுகிறது. ஒற்றை வீட்டைச் சொல்ல 'அறக்குடியிருப்பு வீடு' என்றால் போதும். என் ஓட்டு இதற்கே.

அப்புறம், கட்டுரையில் வரும் பாரிஷ் சர்ச். ஒரு சர்ச்சின் பொறுப்பில் உள்ள பகுதிதான் பாரிஷ், அதற்கும் ஒரு சொல் வேண்டும். அறக்குடியிருப்புக்குச் சற்று மேலே புனித யாக்கோபு ஆலயம் நிற்கிறது. ஆட்டு ரோமப் பணத்தில் எழுந்த கோயில். 1401இல் இறந்த வில்லியம் கிரெவெலின் பித்தளைத் தகடு உள்ளே தரையில் இருக்கிறது. 'இங்கிலாந்து முழுவதன் கம்பளி வணிகருள் மலர்' என்று லத்தீனில் அவரைப் புகழ்கிறது. ஹிக்ஸும் மனைவியும் அங்கேயே பளிங்கில் படுத்திருக்கிறார்கள். பாரிஷைக் கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள், திருநெல்வேலி சி.எஸ்.ஐ.காரர்கள் 'சேகரம்' என்பார்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சேகரம்தான் நெருக்கம். ஆனால் அந்தக் காலத்துப் பாரிஷ் வழிபாட்டோடு நிற்கவில்லை. 1601 ஏழையர் சட்டப்படி தன் எல்லைக்குள் வரி தண்டி ஏழைகளைக் காக்கும் பொறுப்பும் அதற்கு இருந்தது. எல்லையும் கடமையும் சேர்ந்து தொனிப்பதால் நான் 'பங்கு' என்றே எழுதப்போகிறேன். சேகரத்து அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிப்பிங் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். நம் பேட்டை மாதிரி. ஊர்ப்பெயரை மாற்றப்போவதில்லை, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டுவிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அறக்குடியிருப்புக்கு எதிரே சாலையோரம் கல் பாவிய பள்ளம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிரப்பி வண்டியை உள்ளே இறக்குவார்களாம். சேறும் போகும், காய்ந்து சுருங்கிய மரச்சக்கரம் ஊறி இரும்புப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டி ஓட்டிய குடும்பத்தார் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள், சக்கரத்தை இப்படி ஊறப்போடுவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?