பூதங்கள், பறவைகள் கச்சேரி: நடுவில் எதை வாசிக்கலாம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவின் அடுத்த கச்சேரி முழுக்கப் பழங்கதைப் பிராணிகளும் பூதங்களும்தான். கடைசியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' (நெருப்புப் பறவை) பாலே இசையிலிருந்து தொகுத்த 1919 சூட். (1910 மூல பாலேக்கு ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியம் மூன்று வேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்று.) தொடக்கம் லியாதொவின் 'கிகிமோரா'. பூனை கதை சொல்லி வளர்த்த குட்டிப் பிசாசு அது. உடம்பு வைக்கோல் பருமன்தான். இங்கிலிஷ் ஹார்னில் (ஓபோ வகைக் குழல் வாத்தியம்) தாலாட்டு, அப்புறம் ஒரே ஆட்டம், முடிவில் குட்டிப் புல்லாங்குழலான பிக்கோலோவின் ஒரு கீச்சு. கைதட்ட மறந்து உட்கார்ந்திருப்பார்கள்!

சிக்கல் நடுவில். எனக்கு த்வோர்ஷாக்கின் 'வாட்டர் காப்ளின்' (1896) மேல் கொள்ளை ஆசை. ஆனால் கதையில் குளத்துப் பூதம் தன் குழந்தையையே தலையைத் துண்டித்து வாசலில் போட்டுவிட்டுப் போகிறது. வருபவர்களில் பாதிப்பேர் சின்னப் பிள்ளைகள், கதை சொல்லப்போவதும் நான்தான். மாற்றாக சிபேலியஸின் 'ஸ்வான் ஆஃப் துவோனெலா' இருக்கிறது. மரண உலகத்து ஆற்றில் மிதக்கும் அன்னம். அதுவும் முழுக்க இங்கிலிஷ் ஹார்ன் தலையில்தான் விழும். எங்களிடம் வாசிப்பவர் ஒருவரே.

ஒரே கச்சேரியில் ஒருவரே 'கிகிமோரா', 'ஸ்வான்' இரண்டிலும் இங்கிலிஷ் ஹார்ன் வாசிப்பது சரிப்படுமா? வாசித்தவர்கள் சொல்லுங்கள். த்வோர்ஷாக்கையே வைத்தால், பிள்ளைகளிடம் கதையை எந்த இடத்தோடு நிறுத்தலாம்? பத்து நிமிடத்துக்குள் அடங்கும் வேறு பூதம் தெரிந்தாலும் சரி. ஹார்ப் மட்டும் ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது.