பல் பிரிட்ஜில் செராமிக் உடைந்துவிட்டது, ஒட்டினால் நிற்குமா?

திருச்சிக்காரன்:
மேல் வரிசையில் நாலு பல் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் நிலையான செயற்கைப் பல் வரிசை), மெட்டல் மேல் செராமிக். போன வாரம் முறுக்கு கடித்ததில் கோரைப்பல்லின் முனை பெயர்ந்துவிட்டது. உள்ளே சாம்பலாக மெட்டல் தெரிகிறது, வலி இல்லை. ஒரு டாக்டர் மொத்தத்தையும் அறுத்துப் புதிதாகப் போடச் சொல்கிறார். இன்னொருவர் காம்போசிட் (பல் நிற ரெசின் ஃபில்லிங்) வைத்து ஒரே சிட்டிங்கில் முடித்துவிடலாம் என்கிறார். அடுத்த மாதம் தங்கை கல்யாணம். எதை நம்புவது? உடைந்த துண்டு கையில் இருக்கிறது.

பல் டாக்டர், கோவை:
பிரிட்ஜ் ஆடவில்லை, ஓரத்தில் சொத்தை இல்லை என்றால் நான் முதலில் ஒட்டித்தான் பார்ப்பேன். அறுத்து எடுக்கும்போது அடியில் இருக்கும் பல்லும் உடையலாம்.

செராமிக் கண்ணாடி ஜாதி, காம்போசிட் அதில் சும்மா ஒட்டாது. 9, 10 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் ஜெல்லை ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வைத்தால் பரப்பு பொடிப்பொடிக் குழிகளாக அரிக்கும். கழுவிக் காயவைத்து சிலேன் தடவுவோம். அது ஒரு பக்கம் செராமிக்கையும் மறுபக்கம் ரெசினையும் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஃபில்லிங்குக்கு வைக்கும் பாஸ்பாரிக் ஆசிட் இங்கே அழுக்கை எடுக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு மெட்டல் தெரிவதுதான் சிக்கல். அங்கே ஆசிட்டுக்கு வேலை இல்லை. 50 மைக்ரான் அலுமினாத் தூளைக் காற்றில் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, எம்டிபி (மெட்டலைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனம்) உள்ள பிரைமர் தடவி, ஒபேக்கர் பூசிச் சாம்பல் நிறத்தை மறைத்த பிறகே காம்போசிட். மெட்டல் அதிகம் தெரியத் தெரிய, பிடிப்பை நம்புவது கஷ்டம். சுற்றிலும் செராமிக் விளிம்பு மிச்சமிருந்தால் நல்லது.

அந்த ஆசிட் ஈறில் பட்டால் உள்ளே ஊடுருவிப் புண்ணாக்கும். ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு ஈறை மூடும் ரப்பர் ஷீட்) கட்டாமல் யாரும் வாயில் வைக்க விடாதீர்கள். எச்சில் பட்டாலும் ஒட்டு போச்சு. சிலேன் கலங்கிப்போன பழைய பாட்டிலாக இருந்தாலும் அதே கதைதான்.

துண்டு கச்சிதமாக உட்கார்ந்தால் அதையே ஒட்டலாம். அதற்கு ஆசிட்டை வாய்க்கு வெளியே வைத்துவிடலாம், நிறமும் அசல். தூக்கிப் போடாதீர்கள்.

லேப் டெக்னீசியன்:
ஏன் உடைந்தது என்று யாரும் கேட்கவில்லையே? அடியில் மெட்டல் தாங்காமல் 2 மில்லிமீட்டருக்கு மேல் செராமிக் தொங்கினால் ஒருநாள் முறுக்கோ பட்டாணியோ அதைப் பெயர்க்கும். பழி முறுக்கு மேல் விழும். துண்டின் தடிமனைப் பாருங்கள்.

காபிப் பிரியை:
எனக்கு முன்பல்லில் ஒட்டினது இன்னும் விழவில்லை. ஆனால் காம்போசிட் காபியில் பழுப்பேறுகிறது, அவ்வப்போது பாலிஷ் போடுகிறேன். கல்யாணத்துக்கு இது தாராளம்.

திருச்சிக்காரன்:
துண்டு முனைப்பக்கம் நல்ல தடிமன்தான். இன்னொன்று, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். மனைவி சொல்கிறாள்.

பல் டாக்டர், கோவை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பாரம் கோரைப்பல்லில்தான் வரும். ஒட்டின பிறகு கார்பன் பேப்பர் வைத்து, தாடையை இரு பக்கமும் நகர்த்தச் சொல்லி இடிக்கிற இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். ராத்திரிக்கு நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை) கட்டாயம், அளவை ஒட்டு முடிந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பந்தியில் அந்தப் பக்கமாக முறுக்கு வேண்டாம்.