உக்ரைனிய விசைப்பலகை, பழைய குறியாக்கங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சர்வர் நிர்வாகி:

நான் தொடங்கிவைக்கிறேன். கீவ் நகர வாடிக்கையாளர் ஒருவரின் தொண்ணூறுகளைச் சேர்ந்த மின்னஞ்சல் கிடங்கை, இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8க்கு மாற்றும் வேலை வந்தது. திறந்தால் சொற்களுக்கு நடுவே பெட்டி வரையும் கோடுகள். உக்ரைனியத்தில் எழுதிய நாட்டின் பெயரிலேயே ஐந்தாம் எழுத்தான, தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ‘யி’ இல்லை. அங்கே ஒரு பெட்டியின் வலது மேல் மூலை (╖) நின்றது.

குறியாக்கம் என்பது எழுத்துகளுக்கு எண் தரும் முறை. ரஷ்ய மொழிக்கான கோய்8-ஆர் குறியாக்கத்தில் உக்ரைனியத்துக்குத் தேவையான இ, யி, யெ, கொக்கி வைத்த ‘க’ ஆகிய நான்கும் கிடையாது. சிறிய வடிவம், பெரிய வடிவம் என அந்த எட்டையும் பெட்டிக் கோடுகள் இருந்த எட்டு இடங்களில் உட்காரவைத்ததுதான் கோய்8-யு. 1998 ஏப்ரலில் இணைய ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 2319 ஆக வெளிவந்தது. என்னிடம் வந்த அஞ்சல்களோ உள்ளே ‘யு’, குறியாக்கத்தின் பெயர் சொல்லும் தலைப்பு வரியில் ‘ஆர்’.

இன்னொரு கூத்தும் உண்டு. எழுத்தின் எண்ணில் 128ஐக் குறிக்கும் எட்டாவது பிட்டை வழியில் எங்காவது வெட்டி எறிந்தாலும், கோய்8இல் எழுதிய ரஷ்யம் லத்தீன் எழுத்தில் ஒருவாறு படிக்கக் கிடைக்கும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். எழுத்துகளின் வரிசையையே அதற்காகத்தான் அப்படி அமைத்தார்கள். உக்ரைனியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 166 என்ற எண்ணில் இருக்கும் ‘இ’ 128 குறைந்து 38 ஆகும்; அது & குறி. ‘யெ’ டாலர் குறியாகிவிடும். ‘கீவ்’ என்ற ஊர்ப்பெயர் சின்ன கே, பெரிய ஐ, ஒற்றை மேற்கோள், பெரிய டபிள்யூ என்று வந்து நிற்கும். பிறகு வந்து சேர்ந்த எழுத்துக்குக் கிடைத்தது மிச்ச இடம்தான்.

தலைப்பு வரியை நம்பாமல், மூலைக்கோட்டின் இருபுறமும் சிரிலிக் எழுத்து (ரஷ்யமும் உக்ரைனியமும் எழுதும் எழுத்துமுறை) இருந்தால் அதை எழுத்தாகக் கொள்ளும்படி நிரல் எழுதினேன். திஸ்கி, பாமினி என்று பழைய தமிழ்க் குறியாக்கங்களோடு அலைந்து திரிந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய வலிதான்.

மறுமொழி:

ஐயா, உக்ரைனியத்தில் ‘இ’ தனியே நின்றால் ‘மற்றும்’ என்று பொருள் தரும் முழுச் சொல். பத்திக்கு நான்கு முறையாவது வரும். அதன் இருபுறமும் இடைவெளிதானே இருக்கும்?

சர்வர் நிர்வாகி:

ஆம். அதற்கும் விதி வைத்திருக்கிறேன். வரைந்த கட்டத்தின் மூலை தனித்து நிற்காது, பக்கத்தில் கிடைக்கோடு ஒட்டியிருக்கும். இடைவெளிகளுக்கு நடுவே ஒற்றையாக நின்றால் அது எழுத்துதான்.

தரவு மாற்றும் வேலை செய்பவர்:

உங்கள் மூலைக்கோடு கண்ணுக்காவது தெரிகிறது. எனக்கு வாய்த்தது தெரியாத பிழை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சரக்குப் பட்டியல் ஒன்று, 866ஆம் குறிப்பக்கம் என்ற குறியாக்கத்தில் எழுதியது. அந்தப் பக்கத்தில் ‘யெ’, ‘யி’ இரண்டும் உண்டு, ‘இ’ கிடையாது! தட்டச்சு செய்தவர்கள் பாவம், லத்தீன் ‘ஐ’யை அடித்துச் சமாளித்திருக்கிறார்கள். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு தேடினால் புதிதாக ஏற்றிய பொருள் கிடைக்கும், பழையது கிடைக்காது. ஒரே பொருளுக்கு இரண்டு இருப்புக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிடங்கு மேலாளருக்கும் கணக்காளருக்கும் வாக்குவாதம் முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லா ‘ஐ’யையும் மாற்றிவிட முடியாது. ரோமன் எண்கள் இருக்கின்றன, வெளிநாட்டுப் பொருள்களின் மாடல் பெயர்கள் இருக்கின்றன. ஒரே சொல்லுக்குள் சிரிலிக்கும் லத்தீனும் கலந்திருந்தால் மட்டும் மாற்று, மற்றதை மனிதர் பார்க்கட்டும் என்று விட்டேன்.

கார்கிவில் மருத்துவம் படித்தவர்:

நான் கணினித் துறை இல்லை. மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டு படித்தவன். உக்ரைனிய மொழியின் குறியீடு ‘யுகே’, நாட்டின் குறியீடு ‘யுஏ’. மொழி அமைப்பில் இரண்டும் சேர்ந்து வரும். சரிதான் என்று கருப்புத் திரை முனையத்தில் ‘யுகே’ விசைப்பலகையைக் கேட்டால் பிரிட்டன் வந்து உட்கார்ந்துகொள்கிறது, மூன்றாம் எண் விசையில் பவுண்டு குறியோடு! அங்கே ‘யுஏ’ என்றுதான் கேட்க வேண்டும்.

அமைப்பு ரஷ்யப் பலகையின் உடன்பிறப்பு. வித்தியாசப்படும் சில விசைகளில்தான் கை தடுமாறும். எஸ் விசையில் ‘இ’, வலது சதுர அடைப்பில் ‘யி’, மேற்கோள் விசையில் ‘யெ’. கொக்கி ‘க’வுக்கு விண்டோஸில் வலது ஆல்ட்டோடு ‘ஹ’ விசையை (லத்தீன் ‘யு’ இருக்கும் இடம்) அழுத்த வேண்டும். அந்த எழுத்தை 1933இல் அரிச்சுவடியிலிருந்தே நீக்கி, 1990இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். 1988இல் வந்த, சிரிலிக் எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-5 தரத்தில் அது இல்லாததற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

சர்வர் நிர்வாகி:

ஒற்றை மேற்கோள் குறியை விட்டுவிட்டீர்களே, தம்பி. ‘பெயர்’, ‘ஐந்து’, ‘கணினி’ ஆகியவற்றுக்கான உக்ரைனியச் சொற்கள் மூன்றிலும் நடுவே அது வருகிறது. யூனிகோடில் அதற்கு மூன்று வேடம்: தட்டச்சு மேற்கோள், அச்சு மேற்கோள், 02பிசி எண்ணில் உள்ள எழுத்து வகைக் குறி. கடைசியானதை மட்டும்தான் நிரல்கள் எழுத்தாக மதிக்கும். விசைப்பலகையில் ஒன்றாம் எண்ணுக்கு இடப்புறம் பெரும்பாலோர் அடிப்பது முதலாவதை. ஒரு நிறுவனத்தின் பதிவுப் படிவம் மேற்கோள் வந்த குடும்பப் பெயர்களை எல்லாம் ‘தவறான எழுத்து’ என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சொந்தப் பெயரைத் தவறு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

சேமிக்கும்போது அவர்கள் அடித்ததை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது மட்டும் மூன்றையும் ஒன்றாகக் கருதும்படி செய்யுங்கள். அகரவரிசையை மொழி அமைப்பிடமே விட்டுவிடுங்கள்; குறி எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் சிறிய வடிவில் அந்த நான்கு எழுத்துகளும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும்.