மணவாளக்குறிச்சி மணலில் நியோடிமியம் எங்கே இருக்கிறது?

கடியப்பட்டணத்தான்:
வணக்கம். மழைக்காலக் கடல் அடங்கியதும் எங்கள் கரையில் கருமணல் பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கழற்றிய நியோடிமியம் காந்தத்தை அதில் வைத்தேன். கறுப்புத் துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. நியோடிமியம் இந்தத் துகள்களில்தான் இருக்கிறதா? மணல் உலோகமாவது எப்படி என்று யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

தாதுமணல்:
ஐயா, ஒட்டியது பெரும்பாலும் இல்மனைட், அதாவது டைட்டானியத் தாது. நியோடிமியம் இருப்பது தேன் நிற மோனசைட் மணிகளில். கருமணலில் அது சிறு பங்கே. 1909இல் திருவிதாங்கூரில் இருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டறிந்தார். மணலைச் சுருள் ஓடைகளில் நீருடன் ஓடவிட்டால் எடை குறைந்த குவார்ட்ஸ் ஒதுங்கிவிடும். பிறகு உயர் மின்னழுத்த உருளையில் மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் தெறித்து விலக, கடத்தாத மோனசைட்டும் சிர்க்கானும் கார்னெட்டும் உருளையோடு ஒட்டிச் சென்று பின்னால் விழும். வலிமையான காந்தப்புலம் மோனசைட்டைச் சிர்க்கானில் இருந்து பிரிக்கும்.

வேதியியல் ஆசிரியை:
உண்மையான சிரமம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது. மோனசைட் ஒரு பாஸ்பேட். அதை நுண்ணியதாக அரைத்து, சுமார் 140 டிகிரி செல்சியஸில் காஸ்டிக் சோடாவுடன் வேகவைத்தால், பாஸ்பேட் நீரில் கரைந்துபோய் ஹைட்ராக்சைடுகள் எஞ்சும். அவற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கும்போது அமிலத்தன்மையைக் கவனமாகக் கட்டுப்படுத்தினால், கதிரியக்கத் தனிமமான தோரியம் கரையாமல் தங்கிவிட, நியோடிமியம், சீரியம், பிரசியோடிமியம் போன்ற அருமண் (அரிய மண்) தனிமங்கள் மட்டும் குளோரைடாகக் கரையும். ஒடிசாவின் சத்ரப்பூரில் இந்தக் கட்டம் நடக்கிறது. தனித்தனியாகப் பிரிக்கும் வேலை கேரளத்தின் ஆலுவாவில் நடக்கிறது.

சீரியம் புவியோட்டில் ஏறக்குறைய செம்பின் அளவுக்கு இருக்கிறது. ஆகவே 'அரிய' என்ற பெயர் பொருத்தமற்றது என்பேன். அரியது பிரிப்பதுதான். பிரசியோடிமியத்துக்கும் நியோடிமியத்துக்கும் வேதியியல் நடத்தையில் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது என்பதால், கெரசினில் கலந்த கரிமக் கரைப்பானையும் அமிலக் கரைசலையும் தொட்டி தொட்டியாகக் கலக்கி, தெளியவிட்டு, மீண்டும் கலக்கி, நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்தால்தான் தூய்மை கிட்டும். பிறகு ஆக்சலேட்டாக வீழ்படியச் செய்து சுட்டால் ஆக்சைடு கிடைக்கும். அதை உருகிய ஃபுளோரைடு உப்பில் இட்டு, 1,000 டிகிரிக்கு மேல் மின்னாற்பகுத்தால் உலோகம் அடியில் சேரும்.

கடியப்பட்டணத்தான்:
மிக்க நன்றி, அம்மா. எஞ்சும் தோரியம் என்னவாகிறது? கரையில் வாழும் எங்களுக்கு அதுவே கவலை.

வேதியியல் ஆசிரியை:
நியாயமான கவலை. மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய 8 முதல் 9 விழுக்காடு இருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அணு எரிபொருளாகப் பயன்படக்கூடியது என்பதால் அதைக் கழிவாகக் கொட்டாமல் பாதுகாத்து வைக்கிறார்கள். அதைவிட நான் அஞ்சுவது அதிலிருந்து பிறக்கும் ரேடியத்தை. குளோரைடு கரைசலில் தங்கிவிடும் அதை, பேரியம் சேர்த்து வீழ்படியச் செய்து, அந்தக் கசடைக் கான்கிரீட் குழிகளில் மூடி வைக்க வேண்டும்.