சிபேக்ல எடுத்த டெப் இன்ஸ்டால் ஆகுது, ஆனா ஷேர்டு லைப்ரரி கிடைக்கலன்னு எரர் வருது

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்ட், ஒரு எக்ஸிகியூட்டபிள், அதுக்கு ஒரு ஷேர்டு லைப்ரரி (ஓடறப்ப லோடு ஆகற தனி ஃபைல்), ரெண்டையும் சிமேக்ங்கற பில்டு டூல்ல பில்டு பண்ணி, அதோட பேக்கேஜ் டூல் சிபேக் வச்சு டெப் (டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ் ஃபைல்) எடுக்கறேன், இன்ஸ்டால் ஆகறது ஸ்லாஷ் ஆப்ட் கீழ தனி ஃபோல்டர்ல. பில்டு ஃபோல்டர்ல நல்லா ஓடுது. அதே மெஷின்ல டெப்பை இன்ஸ்டால் பண்ணி ஓட்டினா "கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்"னு நின்னுடுது. லைப்ரரி பேக்கேஜுக்குள்ள இருக்கு, பின் ஃபோல்டருக்குப் பக்கத்துலயே லிப் ஃபோல்டர்ல. எல்டி லைப்ரரி பாத் (லைப்ரரியை எங்க தேடணும்னு சொல்ற என்விரான்மென்ட் வேரியபிள்) செட் பண்ணா ஓடுது, ஆனா இன்ஸ்டால் பண்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைச் செய்யச் சொல்ல முடியாதுல்ல. என்ன பண்ணலாம்?

பதில் 1:
இது ஆர்பாத் பிரச்சனை, அதாவது லைப்ரரியை எங்க தேடணும்னு பைனரிக்குள்ளயே (எக்ஸிகியூட்டபிள் ஃபைல்) எழுதியிருக்கற பாத். பில்டு பண்றப்ப சிமேக் லைப்ரரியோட முழு பாத்தையும் பைனரிக்குள்ள எழுதிடும், அதான் அங்க ஓடுது. இன்ஸ்டால் பண்றப்ப அதைத் தூக்கிட்டு இன்ஸ்டால் ஆர்பாத்ல இருக்கறதைப் போடும், நீங்க எதுவும் குடுக்கலன்னா காலிதான். ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் லிப்னா லோடர் (ப்ரோக்ராம் ஆரம்பிக்கறப்ப லைப்ரரியைத் தேடி எடுக்கறது) தானாவே தேடும், ஆப்ட் கீழ தேடாது. சிமேக் இன்ஸ்டால் ஆர்பாத்ல டாலர் ஆரிஜின் போட்டு, ஒரு ஃபோல்டர் மேல போய் லிப்னு குடுங்க. ஆரிஜின்னா அந்த பைனரி இருக்கற ஃபோல்டர், அதனால எங்க இன்ஸ்டால் ஆனாலும் வேலை செய்யும். முழு பாத் மட்டும் எழுதிடாதீங்க, ஃபோல்டர் மாறினா திரும்ப இதே எரர்தான்.

கேட்டவர்:
போட்டுப் பாத்தேன் ப்ரோ, அதே எரர். இன்ஸ்டால் ஆன பைனரியை ரீட்எல்ஃப் மைனஸ் டி (பைனரிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு காட்டற கமாண்ட்) போட்டுப் பாத்தா ரன்பாத்னு (ஆர்பாத் அங்க இந்தப் பேர்ல வரும்) ஒரு வரியே இல்ல.

பதில் 1:
அந்த வரி ஆட் எக்ஸிகியூட்டபிளுக்கு மேல இருக்கா பாருங்க. டார்கெட் (சிமேக் பில்டு பண்ற எக்ஸிகியூட்டபிள் இல்ல லைப்ரரி) உருவாகற நேரத்துல வேரியபிள்ல என்ன இருக்கோ அதைத்தான் எடுத்துக்கும், கீழ போட்டா கண்டுக்கவே கண்டுக்காது. இல்லன்னா செட் டார்கெட் ப்ராப்பர்ட்டீஸ்ல இன்ஸ்டால் ஆர்பாத்தை டார்கெட்டுக்கு நேரடியா குடுத்துடுங்க, எனக்கு அதுதான் பிடிக்கும், பின்னாடி படிக்கறவங்களுக்கும் எந்த பைனரிக்குன்னு தெளிவா தெரியும். கமாண்ட் லைன்ல குடுத்தா ஒற்றை மேற்கோள் கண்டிப்பா வேணும், இல்லன்னா டாலரை ஷெல் முழுங்கிடும்.

கேட்டவர்:
ஆமா, கீழதான் இருந்துச்சு. மேல ஏத்தினதும் ரன்பாத் வந்துடுச்சு, ஓடுது, ரொம்ப நன்றி ப்ரோ! இன்னொன்னு, புது மெஷின்ல போட்டா கர்ல் லைப்ரரி (நெட்ல டேட்டா அனுப்ப, எடுக்க உதவறது) இல்லன்னு சொல்லுது, டெப் இன்ஸ்டால் ஆகறப்பவே அதையும் கேக்க வைக்க முடியுமா?

பதில் 2:
முடியும். சிபேக் டெபியன் பேக்கேஜ் ஷ்லிப்டெப்ஸ்னு ஒரு வேரியபிள் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க, பைனரி எந்தெந்த லைப்ரரியைக் கேக்குதுன்னு பாத்து டிபெண்டன்சி லிஸ்டை அதுவே எழுதிடும். சிபேக்கை இன்க்ளூட் பண்ற வரிக்கு முன்னாடி போடணும், பின்னாடி போட்டா ஏறாது. உங்க சொந்த லைப்ரரியையே கண்டுபிடிக்க முடியலன்னு எரர் வந்தா, அதே பேரோட கடைசில ப்ரைவேட் டர்ஸ்னு சேத்த வேரியபிள்ல பில்டுக்குள்ள அந்த லைப்ரரி இருக்கற ஃபோல்டரைக் குடுங்க, ஆனா அதுக்கு சிமேக் 3.20 இல்ல அதுக்கு மேல வேணும்.