ஜாங்கோவில் வகை இல்லாமல் எடை மட்டும் கொடுத்தால் கொலுசுப் பக்கம் காலியாக வருகிறது

கேள்வி (பனங்காடு, சேலம்)

வணக்கங்க. அப்பாவுக்கு இங்கே கொலுசுப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கும் வெளியூர் வியாபாரிகளுக்கும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி மாளவில்லை. அதனால் ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்டும் கருவி) ஒரு கேட்டலாக் செய்கிறேன்.

/கொலுசு/ என்றால் எல்லாம் வரும். /கொலுசு/சலங்கை/ என்றால் அந்த வகை மட்டும். /கொலுசு/சலங்கை/50/ என்றால் அதில் ஜோடி 50 கிராம். இதுவரை சரியாக ஓடுகிறது. ஆனால் வியாபாரி முதலில் கேட்பது எடையைத்தான். "50 கிராமில் என்னென்ன இருக்கு?" என்பார். அதற்காக யூஆர்எல் (முகவரி) பட்டியலின் கடைசியில் /கொலுசு/50/ என்பதற்கு ஒரு வரி சேர்த்தேன். 404 இல்லை, எரர் இல்லை, பக்கம் மட்டும் காலி. வியூவில் (பக்கத்தைத் தயாரிக்கும் ஃபங்ஷன்) பிரின்ட் போட்டால் வகை என்ற இடத்தில் "50" நிற்கிறது, எடையில் ஒன்றுமில்லை. இரண்டு ராத்திரி போய்விட்டதுங்க. முகவரியின் ஒரு பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கன்வெர்ட்டர், வகைக்கு ஸ்ட்ரிங் (எழுத்து), எடைக்கு இன்ட் (முழு எண்).

பதில் (ஏற்காடு)

தம்பி, ஜாங்கோ வரிகளை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ஸ்ட்ரிங் கன்வெர்ட்டர் சாய்கோடு தவிர எதையும் வாங்கிக்கொள்ளும், "50" உட்பட. நீங்கள் கடைசியில் எழுதிய வரிக்கு முறையே வராது. இன்ட் வரியை ஸ்ட்ரிங் வரிக்கு மேலே ஏற்றுங்கள். "சலங்கை" எண் இல்லை என்பதால் தானாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். நான்கு வரிக்கும் ஒரே வியூ, ஒரே பெயர் போதும். வியூவில் இரண்டு அளவுருவுக்கும் டிஃபால்ட் கொடுத்துவிடுங்கள்.

பதில் (அஸ்தம்பட்டி)

மேலே சொன்னது சரி. ஆனாலும் எடையைப் பாதையில் வைக்க வேண்டாம் என்பேன். நாளைக்குப் பக்க எண் சேர்ப்பீர்கள். /கொலுசு/2/ என்பது இரண்டாம் பக்கமா, 2 கிராமா? இரண்டும் இன்ட், மேலே இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும். லாராவெல்லில் (பிஹெச்பியில் இதே மாதிரிக் கருவி) கேள்விக்குறி போட்டு விருப்ப அளவுரு எழுதலாம், அங்கேயும் அது கடைசியில் இருந்தால்தான் வேலை செய்யும். நடுவில் விடுபடக்கூடியது எதுவானாலும் குவெரி ஸ்ட்ரிங்கில், அதாவது முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில், போடுவதே என் வழக்கம்: /கொலுசு/?எடை=50. ரவுட்டிங் (முகவரியை வரிகளோடு பொருத்தும் வேலை) அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. வகைக்கு ஸ்லக் கன்வெர்ட்டர் மாற்றிவிடாதீர்கள். அது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு மட்டுமே ஏற்கும். "சலங்கை" 404 ஆகிவிடும்.

கேட்டவர்

ஏற்காட்டு அண்ணா, வரியை மேலே ஏற்றியதும் 50 வந்துவிட்டதுங்க! டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் அச்சு) மட்டும் நோ ரிவர்ஸ் மேட்ச் எரர், அதாவது இந்த மதிப்புகளுக்கு முகவரி அமைக்க முடியவில்லை என்ற எரர், வந்தது. வகை காலியாக இருக்கும்போதும் அதை லிங்க் முகவரி அமைக்கும் யூஆர்எல் டேகுக்குக் கொடுத்திருந்தேன். காலி ஸ்ட்ரிங்கை அந்தக் கன்வெர்ட்டர் ஏற்காது. ஒரு இஃப் போட்டதும் தீர்ந்தது.

அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். 50 பார்த்தார், 100 பார்த்தார். பிறகு குழந்தைக் கொலுசுக்கு 12.5 என்று அடித்தார். மறுபடி காலிப் பக்கம். புள்ளி இருப்பதால் இன்ட் கைவிட்டது, கீழே ஸ்ட்ரிங் அதை வகையென்று பிடித்துக்கொண்டது. எங்கள் தொழிலில் அரை கிராமும் காசு. அஸ்தம்பட்டி அண்ணா சொன்னபடி எடையைக் குவெரி ஸ்ட்ரிங்குக்கு மாற்றி, வியூவில் டெசிமலாக்கி (புள்ளி எண்ணாக்கி) படிக்கிறேன். 12.5 போட்டதும் நாலு டிசைன் வந்தது.