காது டெஸ்ட் நார்மல், ஆனால் சொன்னது விளங்கவில்லை: தமிழில் ஏபிடி (காது கேட்டாலும் கேட்டதை மூளை பிரித்தறிவதில் சிக்கல்) பரிசோதனை எங்கே?

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். அமைதியான அறையில் பேசினால் எல்லாம் புரிகிறது. ஃபேன் கடகடவென்று ஓடினாலோ, வெளியே கன்டெய்னர் லாரி போனாலோ "என்னம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பான். 'கட்டு' என்றால் தட்டு எடுத்து வருகிறான். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நடக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான்.

இஎன்டி பார்த்தாச்சு, அழுக்கும் எடுத்தாச்சு. ஆடியோகிராம் (கேட்கும் திறன் டெஸ்ட்), டிம்பனோமெட்ரி (நடுக்காது டெஸ்ட்) இரண்டும் நார்மல். கவனக்குறைவு நோய் இல்லை என்று குழந்தை மனநல மருத்துவரும் சொல்லிவிட்டார். பள்ளியில் மட்டும் இன்னும் "விளையாட்டுப் புத்தி" என்கிறார்கள். அப்புறம் ஒரு சென்டரில் ஏபிடி டெஸ்ட் இருந்தது, ஆனால் ஆங்கிலச் சொற்களை வைத்து. தெரியாத மொழியில் தப்பாகச் சொன்னால் காதுக் கோளாறா, மொழிக் கோளாறா என்று எப்படிப் பிரிப்பது?

இரைச்சலில் பேச்சு கேட்பது, இரண்டு காதிலும் வேறு வேறு எண் கேட்பது போன்ற டெஸ்டுகளைத் தமிழிலேயே எடுக்கும் ஆடியாலஜிஸ்ட் சென்னையில் எங்கே இருக்கிறார்?